ஏகமனதாக என்று எழுதும் முன்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், நல்லதண்ணியில் ஆற்றப்பட்ட உரை)



1996ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பில் இருந்தவர்களின் சார்பில் இங்கே நிற்கிறோம். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது ஒருத்திதான். ஆனாலும் இந்தப் பேச்சை எழுதி வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் அனுப்பி, அவர்கள் வெட்டியதை வெட்டி, சேர்க்கச் சொன்னதைச் சேர்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம். ஆகவே "நாங்கள்" என்றே பேசுவோம்.

டொக்டர் பேசப்போகிறார் என்றதும் சீனி வருத்தம், பிரஷர் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத் தேநீர் நேரத்தில் தனித்தனியே கேளுங்கள். இப்போது ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேச அனுமதி தாருங்கள். அந்தச் சொல் "யுனானிமஸ்". தமிழில் ஏகமனதான என்கிறோம்.

இதைப் பேச வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரல்தான். மூன்றாவது விடயத்தைப் பாருங்கள். நூற்றாண்டு நிதியைக் கொண்டு பாடசாலை வாசலில் வளைவு கட்டுவதெனப் பொதுச்சபை "ஏகமனதாகத்" தீர்மானிக்கிறது என்று அச்சாகியிருக்கிறது. கூட்டம் இன்னும் அந்த விடயத்துக்கு வரவில்லை. யாரும் கை தூக்கவில்லை. சொல் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. செயலாளர் அக்கா கோபிக்கக் கூடாது. இதே தவறை நாங்கள் முப்பது வருடங்களுக்கு முன்பே செய்தவர்கள். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

அப்போது எங்கள் வகுப்பு மன்றத்தின் கூட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழகட்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. பிரியாவிடைக்காக ஆளுக்கு 200 ரூபா சேர்ப்பது, எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தீர்மானித்தோம். கை தூக்கச் சொன்னதும் வகுப்பு முழுவதும் தூக்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அகராதியில் தேடி எடுத்து, "இட் வோஸ் அன் யுனானிமஸ் டிசிஷன்" என்று எழுதினோம்.

டீச்சர் சிவப்பு மையால் "அன்" என்பதை வெட்டி "அ" என்று திருத்தினார். எழுத்து உயிரெழுத்தாக இருந்தாலும் வாயில் "யு" என்ற ஓசை வருவதால் "அ யுனானிமஸ்" என்பதே சரி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அந்த இலக்கணம் இன்றுவரை மறக்கவில்லை. அந்த வசனத்தில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. அதை அன்று நாங்கள் யாரும் காணவில்லை.

கடைசி வாங்கில் ஒரு தோழி இருந்தாள். மேல் டிவிசனிலிருந்து மலையிறங்கி நடந்து வருபவள். அவளும் கை தூக்கினாள். அந்தக் காலத்தில் 200 ரூபா என்றால் அவளுடைய அம்மா மலையில் கொழுந்தெடுத்து வாங்கும் இரண்டு மூன்று பேர். மழை பெய்து அரைப் பேர் விழுந்தால் இன்னும் கூட நாள். சேலை வேறு. அடுத்த கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. பரீட்சை எழுதாமலே கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்த 200 ரூபாதான் அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியது என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் வேறு கஷ்டங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கஷ்டங்களின் மேல் நாங்களும் ஒரு கல்லை வைத்தோம். வைத்துவிட்டு, அவளும் சம்மதித்தாள் என்று அறிக்கையில் எழுதிக் கையொப்பமும் போட்டோம்.

பல வருடங்களுக்குப் பின் எங்களில் ஒருத்தி அவளை மஸ்கெலியா பஸ் நிலையத்தில் கண்டாள். பழைய கதை எல்லாம் பேசிவிட்டு, "அன்னைக்கு ஏன்டி கை தூக்கின, முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாளாம். அதற்கு அவள், "நீங்க எல்லாரும் தூக்கிட்டீங்க. நான் மட்டும் தூக்காம இருந்தா எல்லாரும் என்னையத்தானே திரும்பிப் பாப்பீங்க" என்று சிரித்தாளாம். இதை மேடையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டோம். சொல்லு, பேரை மட்டும் சொல்லாதே என்றாள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். லத்தீன் மொழியில் "உனுஸ்" என்றால் ஒன்று, "அனிமுஸ்" என்றால் மனம். இரண்டும் சேர்ந்து பிறந்தது யுனானிமஸ். நம்முடைய ஏகமனது என்ற சொல்லும் அதே மாதிரிதான், ஏகம் என்றால் ஒன்று. எங்கோ இருந்த இரண்டு கூட்டத்தார் ஒரே கருத்தை ஒரே விதமாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவருக்குச் சம்மதம் இல்லையென்றாலும் இந்தச் சொல்லைப் போட முடியாது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் சம்மதித்தால் அதற்குப் பெயர் பெரும்பான்மை. "வெரி யுனானிமஸ்" என்று சொல்வதும் பொருந்தாது. ஒரு மனதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதே.

பழைய ஆங்கில அறிக்கைப் புத்தகங்களில் "நெம். கொன்." என்ற ஒரு குறிப்பையும் காணலாம். மறுத்துப் பேசியவர் எவரும் இல்லை என்ற பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. எல்லோருக்கும் சம்மதம் என்பது ஒன்று, யாரும் மறுக்கவில்லை என்பது வேறொன்று என்று அந்தக் காலத்துச் செயலாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் நடந்தது இரண்டாவது. நாங்கள் எழுதியது முதலாவது.

மலையக மக்களான நமக்கு இந்த வித்தியாசம் புத்தகப் பாடம் அல்ல. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தொண்டமான் ஐயா நுவரெலியாவிலும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்றார்கள். நமது மஸ்கெலியாவும் அந்த ஏழில் ஒன்று. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இந்த மக்களின் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறியது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி நம்மவர்களின் வாக்கையும் எடுத்தார்கள். 1952 தேர்தலுக்குப் பின் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்குப் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இருக்கவில்லை. மறுத்துப் பேச ஆளில்லாத சபையில் ஒருமனது வருவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றார்கள். கையெழுத்திட்ட இரண்டு தரப்புக்கும் பூரண சம்மதம். பங்கு போடப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் என்று பிரிந்த கதை நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. தலைமன்னாரில் கப்பலேறிய உறவுகளின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிறார்கள்.

2003 ஒக்டோபரில், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் அந்தச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்தான் எல்லை நாள். அந்த ஆண்டு இறுதியில் நடந்த முகாம்களில் ஏறக்குறைய 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றதாக ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் கணக்குச் சொல்கிறது. அப்போது எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தில் இருந்தோம். லீவில் வந்தபோது தாத்தா ஒருவர் அந்தக் கடதாசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததைக் கண்டோம்.

அன்று சபையில் வேறு எதற்கும் ஒத்துப்போகாத கட்சிகள் இருந்தன. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையும் பழக்கமும் நிறையவே இருந்தன. நம் மக்களின் பிரதிநிதிகளும் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் இருந்தும் ஒருவரும் எதிர்க்கவில்லை. அதற்கு 55 வருடம் பிடித்தது. யுனானிமஸ் என்ற சொல்லுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று இப்போது டீச்சர் கேட்டால் அதைத்தான் சொல்வோம்.

இதே பாடத்தை எங்கள் தொழிலிலும் படித்தோம். பயிற்சி வைத்தியர்களாக இருந்த காலத்தில் ஒரு பிரசவ விடுதியில், ஒரு தாயை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பெரிய டொக்டர் கேட்டார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். கட்டிலின் காலடியில் நின்ற பயிற்சித் தாதி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு இரத்தப்போக்கு கூடுவதை அவள் கவனித்திருக்கிறாள். இத்தனை டொக்டர்மார் ஒத்துக்கொள்ளும்போது நான் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாயை சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தார்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒருமுறை வாய்திறந்தவருக்கு, பிழை ஒன்றைக் காணும்போது மறுபடி வாய்திறப்பது சுலபம்.

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை செய்தார். சில கோடுகளைக் காட்டி எது ஒரே நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளையும் சொல்லக்கூடிய விடை. ஆனால் முன்னதாகவே சொல்லி வைக்கப்பட்ட ஆட்கள் எல்லோரும் பிழையான விடையையே சொன்னார்கள். விஷயம் தெரியாமல் வந்திருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையாவது அந்தப் பிழையான விடையையே சொன்னார்கள். கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படி இழுபட்டுப் போவது வெகுவாகக் குறைந்தது. எங்கள் வகுப்பில் அன்று அந்த ஒருத்தி இருக்கவில்லை. நாங்கள் யாராவது இருந்திருக்கலாம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் "வீ" என்ற ஒரே சொல்தான். நமக்கு "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். அறிக்கையில் "நாம் தீர்மானித்தோம்" என்று எழுதும்போது, யாரைச் சேர்த்து எழுதுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அந்தத் தோழியை வைத்துப் பார்த்தால் 1996இல் நடந்தது "நாங்கள்"தான்.

ஆகவே மூன்றாவது விடயத்துக்கு வருகிறோம். வாசல் வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வகுப்புக்குள்ளேயே இதில் ஒருமனது இல்லை. தொடர்பில் இருக்கும் பத்தொன்பது பேரில் பதினொருவர் வளைவு வேண்டும் என்கிறார்கள். எட்டுப் பேர், உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வெளியூர் போகும் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் அந்தப் பணம் போகட்டும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாடசாலை மீது அன்பு உள்ளவர்கள்தான்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. இன்று வாக்கெடுப்பு வேண்டாம், ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் கொழும்பிலும் குவைத்திலும் கனடாவிலும் இருக்கும் சகோதரிகளுக்கும், இன்று பேர் போய்விடும் என்று மலைக்குப் போனதால் இங்கே வர முடியாத சகோதரிகளுக்கும் விடயத்தைச் சொல்லி அபிப்பிராயம் கேளுங்கள். வாக்கைக் கை தூக்கி எடுக்காமல் துண்டுக் கடதாசியில் பெயர் இல்லாமல் எடுங்கள். மாற்றுக் கருத்து ஒன்றே ஒன்று வந்தாலும் அதைக் காரணத்தோடு அறிக்கையில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் எல்லோரும் ஒன்றையே சொன்னால், "ஏகமனதாக" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். நாங்களே வந்து கையொப்பமிடுகிறோம்.

அந்தத் தோழியின் மகள் இப்போது நம் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அடுத்த வருடம் அவர்களுக்கும் பிரியாவிடை வரும். அவளுடைய வகுப்பிலும் யாராவது கை தூக்கச் சொல்வார்கள். அப்போது தூக்காமல் இருக்கும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்காத பள்ளிக்கூடமாக இது இருக்க வேண்டும். அதற்கான பழக்கத்தை அக்காமார் நாம் இன்றைக்குத் தொடங்கலாம்.