பல்கலைக்கழகப் பெருமையும் பள்ளிப் பிள்ளையின் படிப்பும்

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடுவணரசு ஆண்டுதோறும் உயர்கல்வி நிறுவனங்களின் தரவரிசை ஒன்றை வெளியிடுகின்றது. அதன் ஒட்டுமொத்தப் பட்டியலில் 2019 முதற்கொண்டு சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமே முதலிடத்தில் நிற்கின்றது. அச்செய்தி வரும் நாளில், 'கல்வியில் தமிழ்நாடே முதல்' என்று நம்மவர் பலர் தோள் தட்டிக்கொள்கின்றனர். தட்டுமுன் இன்னொரு கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

பதினைந்து அகவை மாணாக்கரின் படிப்புத்திறன், கணக்கு, அறிவியல் ஆகியவற்றை நாடுகளிடையே ஒப்பிட்டு அளக்கும் தேர்வொன்று 2000 முதல் நடந்து வருகின்றது. பீசா என்பது அதன் பெயர்ச்சுருக்கம். 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியில் இந்தியாவின் சார்பாக இரண்டே மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாசலம், மற்றொன்று நம் தமிழ்நாடு. 2011 இறுதியில் முடிவு வந்தது. கலந்துகொண்ட 74 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் நடுவே தமிழ்நாடு பெற்ற இடம் 72! படிப்புத்திறனில் வளர்ந்த நாடுகளின் நடுவளவு 493 புள்ளி. நம் பிள்ளைகள் பெற்றதோ 337. வினாக்கள் நம் சூழலுக்கு ஒவ்வாதவை என்றது நடுவணரசு. 2012, 2015, 2018, 2022 ஆகிய நான்கு சுற்றுகளிலும் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. காய்ச்சலை மிகுத்துக் காட்டிற்றென்று வெப்பமானியை வீசியெறிந்தவன் கதைதான் இது!

இவ்விரண்டு செய்திகளும் ஒரே மண்ணைப் பற்றியவை. இரண்டும் எவ்வாறு பொருந்தும்? தேர்வு முடிவு வந்ததும் பள்ளி மதிலில் முதல் மூவர் படத்தைப் பெரிதாக எழுப்பி வைக்கின்றார்களே, அதை எண்ணிப் பாருங்கள். அம்மூவரைக் கொண்டு அப்பள்ளியின் முந்நூறு பிள்ளைகளை அளக்க முடியுமா? பல்கலைக்கழகத் தரவரிசைகளும் அத்தகையனவே. 2003இல் தோன்றிய சாங்காய்ப் பட்டியல் நோபல் பரிசாளரை எண்ணுகின்றது. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகின்றது. அந்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்று அது கேட்பதில்லை. அப்பட்டியலில் என்றும் முதலிடம் அமெரிக்காவின் ஆர்வார்டுக்கே. ஆயினும் 2022இல் அமெரிக்கப் பிள்ளைகள் கணக்கில் பெற்றது 465 புள்ளி. வளர்ந்த நாடுகளின் நடுவளவான 472ஐ எட்டவில்லை. படிப்புத்திறனில் அவர்கள் தாழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இனி, பால்டிக் கடற்கரையில் உள்ள எசுத்தோனியாவைப் பாருங்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கம். நம் மாவட்டங்கள் பல அதனினும் பெரியவை. 2022இல் கணக்கில் 510, அறிவியலில் 526, படிப்புத்திறனில் 511 புள்ளி பெற்று, உலகின் முதல் ஏழு இடங்களுக்குள் நின்றனர் அந்நாட்டுப் பிள்ளைகள். ஆனால் அதன் தலைசிறந்த பல்கலைக்கழகமாகிய தார்த்து, உலகத் தரவரிசையில் முதல் நூற்றுள் இல்லை.

அப்பல்கலைக்கழகம் நேற்று முளைத்ததன்று. சுவீடன் மன்னர் குசுத்தாவு அடோல்பு 1632இல் நிறுவியது. அங்கு ஆண்ட மொழி இலத்தீன். சுற்றிலும் எசுத்தோனிய உழவர்கள் பண்ணையடிமைகளாய் உழன்றனர். 1684இல் போர்செலியசு என்பார் தார்த்து அருகே வேறொரு பள்ளி தொடங்கினார். உழவர் வீட்டுச் சிறுவர்களைச் சிற்றூர் ஆசிரியர்களாக்கும் பயிற்சிப் பள்ளி அது. கற்பித்தது எசுத்தோனிய மொழியில். அடிமை மக்களுக்கு அறிவுண்டா என்று ஐயுற்றோர்க்கு விடையாகத் தம் மாணாக்கர் இருவரை அழைத்துச் சென்று சுவீடன் மன்னர் முன்னிலையிலேயே நிறுத்தினார். 1688இல் அவர் கடலில் மாண்டார். பள்ளியும் நான்கே ஆண்டில் முடிந்தது. ஆனால் அங்குப் பயின்ற ஏறத்தாழ 160 சிறுவர்கள் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

இடையில் மூடப்பட்ட தார்த்துப் பல்கலைக்கழகம் 1802இல் மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை செருமன் மொழியில். புகழுக்குக் குறைவில்லை. வேகா என்னும் விண்மீனின் தொலைவை அளக்கும் முயற்சியின் முடிவை 1837இல் வெளியிட்ட சுத்துரூவே அங்கிருந்தவர். 1909இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஓசுட்டுவால்டு அங்குப் பயின்றவர். ஆயினும் அது செருமன் பேசிய பெருநிலக்கிழார் குடியினர்க்குரிய இடம். பின்னர் உருசியப் பேரரசு அதை உருசிய மொழிக்கு மாற்றிற்று. அந்தப் பேரரசு 1897இல் எடுத்த கணக்கின்படி, எசுத்தோனியருள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் படிக்கத் தெரிந்தவர்கள்! வீட்டில் தாயும் ஊரில் தாய்மொழிப் பள்ளியும் தந்த செல்வம் அது. பல்கலைக்கழகம் தந்ததன்று.

விடுதலை பெற்றதும் 1919 திசம்பர் முதல் நாள், எசுத்தோனிய மொழிப் பல்கலைக்கழகமாகத் தார்த்து திறக்கப்பட்டது. பேராசிரியர் போதவில்லை, அயல்நாட்டினரை அழைத்தனர். சொற்கள் போதவில்லை, ஆக்கிக் கொண்டனர். வெசுக்கி துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்தார். ஆவிக்கு புதுச்சொற்களையே படைத்தார். படைக்கலத்தைக் குறிக்க அவர் படைத்த 'ரெல்வு' இன்று அந்நாட்டுக் குழந்தையின் வாயிலும் வழங்குகின்றது. தனித்தமிழ்ச் சொல்லாக்கத்தை நகையாடுவோர் காதில் இது விழட்டும். சோவியத்து ஆட்சியிலும் அவர்தம் பள்ளிகளில் தாய்மொழி நின்றது. இன்று ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகைப் பொதுப்பள்ளி. நூலும் நண்பகல் உணவும் விலையின்றி.

நண்பகல் உணவு நமக்குப் புதிதன்று. காமராசர் 1956இலேயே தொடங்கியதன்றோ! பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததில் தமிழ்நாடு எவர்க்கும் பின்தங்கவில்லை. உள்ளே வந்த பிள்ளை என்ன கற்றது என்பதில்தான் இடறல். அதற்குத் தந்த மருந்து என்ன? 2012 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழி வகுப்புகளைப் பெருக்கினர். தமிழில் ஒரு பத்தியைத் தட்டின்றிப் படிக்கவியலாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அறிவியலாம்!

சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை யான் பழிக்கவில்லை. 1959இல் மேற்குச் செருமனியின் துணையோடு எழுந்த அது தன் பணியைச் செய்கின்றது. இந்தியா முழுவதிலுமிருந்து வடித்தெடுத்த மாணாக்கரை, ஆங்கிலத்தில் பயிற்றுகின்றது. தமிழ்ப் பிள்ளைகளின் கல்விக்கு அதைச் சான்றாகக் காட்டாதீர் என்பதே என் வழக்கு.

நம் இயக்கத்தாரிடமும் ஒன்று கேட்பேன். பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்கின்றோம். உயர்கல்வியில் தமிழ் வேண்டும் என்கின்றோம். வேண்டியவையே. ஆனால் அப்பலகையைப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்காக நாம் எத்துணைக் கூட்டம் கூட்டியுள்ளோம்?

ஆதலின் ஒரு வேண்டுகோள். வரும் திங்களில் மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்த் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புத் தமிழ்நூலிலிருந்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டா. எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேர் திணறினர் என்ற எண்ணிக்கை போதும். திணறும் பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஒரு மணி நேரம் கற்பிக்க ஒப்புவோர், இன்றே செயலாளரிடம் பெயர் தருக. கீழைத் தெருவுக்கு யான் வருகின்றேன்.