எண்ணமும் செயலும்



புதிய எண்ணம் கற்றறிந்தோர்க்கே தோன்றும் என்று கருதி நம்மவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அது பிழை. குறை எங்கே உறுத்துகிறதோ அங்கேதான் எண்ணம் பிறக்கிறது.

நம் மக்களுக்கென ஓர் இதழ் வேண்டும் என்று பண்டிதர் அயோத்திதாசர் எண்ணினார். பெரும்பொருள் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஏழையின் கையால் எவ்வளவு கொடுக்க இயலும் என்று பார்த்தார். அதையே விலையாக்கினார், அவ்விலையையே பெயரிலும் வைத்தார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கே பக்கங்களுடன் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. மறு ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. புதன்கிழமைதோறும் வந்த அவ்விதழை, 1914இல் தாம் மறையும்வரை அவர் நடத்தினார்.

சிறிதாகத் தொடங்கினார், குறித்த கிழமையை விடாது காத்தார். எண்ணம் செயலாகும் வழி இதுவே.

மாணவர்களே, உங்கள் ஊரில் இரவுப் பாடசாலை வேண்டும் என்று எண்ணுகிறீர்களா? கட்டடத்திற்காகக் காத்திராதீர்கள். ஒரு திண்ணை, ஒரு விளக்கு, நான்கு பிள்ளைகள் போதும். தொடங்கும் நாளை இன்றே குறியுங்கள். முதல் நாள் விளக்கேற்றப் பலர் வருவர்; பத்தாம் வாரம் நீங்கள் ஒருவரே நிற்கக்கூடும். அன்றும் ஏற்றுங்கள். நாம் தயங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளை பலகையை வைத்துவிட்டுக் கூலிக்குப் போகிறது.