முதுகிற் சுமக்கும் மூட்டை



கதிர்காமத்து ஆடித் திருவிழாவை முன்னிட்டு, ஆண்டுதோறும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து அடியார்கள் கால்நடையாகப் புறப்படுகிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக உகந்தையை அடைந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர்கிறார்கள். நம் வாலிபர் சிலரும் அவர்களோடு செல்ல விரும்புவதால், அவர்கள் முதுகில் ஏறப்போகும் பையைப் பற்றிச் சில சொல்லக் கருதினோம்.

முன்னோர் துணிமூட்டையைத் தோளிலிட்டு நடந்தனர். இன்று இரண்டு தோள்வாருள்ள முதுகுப்பை வந்துவிட்டது. பை பெரிதென்பதற்காக அதை நிரப்பிவிடலாகாது. உடல்நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற் சுமக்கலாகாதென்பது நெடுவழி நடப்போர் கொள்ளும் அளவு. 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 12 கிலோ. ஒரு லீற்றர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். பாரமானவற்றை முதுகோடு ஒட்டி வையுங்கள். பின்னே தள்ளி வைத்தால் பை உங்களைப் பின்னுக்கு இழுக்கும். இடைவாரை இறுக்கினால் பாரம் தோளைவிட்டு இடுப்பில் இறங்கும். சாரம், துவாய், மருந்து, தண்ணீர், நனையாமற் சுற்றிய அடையாள அட்டை ஆகியவை முதலில்; மற்றவை பிறகு.

அன்பர்களே, நாம் கூடியிருக்கும் இந்த முள்ளிவாய்க்கால் மண் வேறொரு சுமையையும் கண்டது. அதனை நம் யாத்திரைச் சுமையோடு ஒப்பிடுதல் தகாது. யாத்திரை நாமாக விரும்பிச் செல்வது. அதுவோ உயிர்தப்ப நடந்த நடை. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து உழவு இயந்திரங்களிற் பொருளேற்றிப் புறப்பட்ட எம்மக்கள், இடம்பெயர்ந்த ஒவ்வோரிடத்திலும் சிலவற்றை விட்டு வந்தார்கள். 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தை நோக்கி நடந்தபோது பலரிடம் எஞ்சியது ஒரு பைதான். காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் படம் என்பனவே அதற்குள் இருந்தன. அந்தப் பையையும் எறிந்துவிட்டு, காயப்பட்டவரையும் நடக்கமாட்டாத முதியவரையும் தூக்கி வந்தோரும் உண்டு. அவர்களிற் சிலர் இன்று இச்சபையிலும் இருக்கக்கூடும். அவர்களை வணங்குகிறோம்.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. உங்கள் பையை நீங்கள் சுமக்கக்கூடிய அளவுக்கு நிரப்பாதீர்கள். அதிலும் குறைவாகவே நிரப்புங்கள். வழியில் ஓர் ஆச்சி தளர்ந்தால் அவருடைய மூட்டையை வாங்கிக்கொள்ள உங்கள் தோளில் இடமிருக்க வேண்டும். அந்த இடத்தோடு புறப்படுபவனே யாத்திரைக்கு ஆயத்தமானவன்.

கந்தன் கருணை எல்லோருக்கும் துணைநிற்பதாக.