பிரிந்த கோடுகளை இணைத்தல்



கரும்பலகையில் நாம் வரையும் முக்கோணத்தின் மூலைகளில் சிறு இடைவெளி இருந்தாலும், சுண்ணக்கோட்டின் பருமன் அதை மறைத்துவிடும். கணிப்பொறியில் அவ்வாறன்று. ஒவ்வொரு கோட்டையும் பொறி அதன் இரு நுனிகளைக் குறிக்கும் எண்களாலேயே அறிகிறது. அவ்வெண்கள் ஒத்திராவிடில், நம் கண்ணுக்கு ஒட்டியவையும் அதற்குப் பிரிந்தவையே.

கணிப்பொறித் திரையில் வரையும் முறையை 1963-இல் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் தமது 'ஸ்கெட்ச்பேட்' வாயிலாகக் காட்டினார். இன்று பலரும் பயிலும் 'ஆட்டோகேட்' 1982-இல் வெளிவந்தது. ஓய்வுபெற்ற பின்னரே இதனைக் கற்றேன். கற்கையில் செய்த பிழை ஒன்றைக் கூறுகிறேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் ஊர் பசியாவரம். அவ்வூரைச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் வரைவாளர் பயிற்சி பெற்றுவந்தான். செயற்கைக்கோள் படத்தின்மேல் ஏரிக்கரையைச் சிறு சிறு கோடுகளாக வரைந்திருந்தான். நீர்ப்பரப்பின் அளவைக் கேட்டால் பொறி தரவில்லை. எல்லை ஒரே தொடராக மூடியிருந்தாலன்றோ பரப்பைக் கணக்கிட இயலும்? கோடுகளை இரண்டிரண்டாக இணைத்து அவன் சலித்துப்போயிருந்தான்.

விரைவான வழி உண்டு. முதலில் 'ஓவர்கில்' கட்டளையால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை நீக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். உயரம் வேறாயின் அவை தொடராக இணையா. பின்னர் 'பெடிட்' கட்டளையில் 'மல்டிபிள்' என்பதைத் தேர்ந்து, கோடுகள் அனைத்தையும் ஒருங்கே பற்றி, 'ஜாயின்' எனப் பணிக்க வேண்டும். அப்போது பொறி ஓர் எண்ணைக் கேட்கும். எவ்வளவு விலகிய நுனிகள் வரை சேர்க்கலாம் என்பதே அக்கேள்வி. அத்தூரத்திற்கு 'ஃபஸ்' என்று பெயர்.

சிறிய எண்ணைக் கொடுத்தோம். சில கோடுகள் சேரவில்லை. "எண்ணைக் கூட்டிப் போடு" என்றவன் நானே. எல்லாம் சேர்ந்தன. நாங்கள் மகிழ்ந்திருக்கையில், அருகே வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த அவன் தந்தையார் எழுந்து வந்து திரையை உற்று நோக்கினார்.

"முகத்துவாரத்தைத் தூர்த்துவிட்டீர்களே, ஐயா!" என்றார்.

நான் நாணினேன். ஏரியும் கடலும் கலக்கும் அவ்விடைவெளியின் இரு மணல்முனைகளையும் பொறி ஒரே கோட்டால் பிணைத்திருந்தது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் படகுகள் கடலுக்குச் செல்ல வழியில்லை; கடல்நீரும் இறால் குஞ்சுகளும் ஏரிக்குள் வருவதும் தடைப்படும். அவ்வூராரின் பிழைப்பே அந்த இடைவெளியில் இருக்கிறது. எங்களுக்கோ அது வரைந்தவனின் கைப்பிழையாகத் தோன்றிற்று!

செய்ததை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கினோம். இம்முறை படத்தைப் பெரிதாக்கி, 'டிஸ்ட்' கட்டளையால் இடைவெளிகளை அளந்தோம். கைப்பிழையால் நேர்ந்தவற்றுள் மிகப் பெரியதைவிடச் சற்றே கூடியதும், மெய்யான இடைவெளிகளுள் மிகச் சிறியதைவிட மிகக் குறைந்ததுமான எண்ணைக் கொடுத்தோம். கரைக்கோடுகள் சேர்ந்தன, முகத்துவாரம் திறந்தே நின்றது. பரப்பை அளக்க எல்லை மூடவேண்டுமே? கரைக்கோட்டின் நகல் ஒன்றை வேறோர் அடுக்கில் வைத்து, முகத்துவாரத்தின் குறுக்கே ஒரு கோடு இட்டு அங்கே மூடினோம். அது கரையன்று, அளவுக்காக இட்டது என்று அருகில் எழுதியும் வைத்தோம்.

வரையும்போதே நுனியை நுனியோடு பொருத்தும் 'எண்ட்பாயிண்ட்' வசதியைக் கையாண்டால் இத்தொல்லையில் பெரும்பகுதி இராது. அதையும் மீறி இடைவெளி நேருமாயின், எண்ணைக் கூட்டுமுன் அதனை அளந்து பாருங்கள். அது உங்கள் கைப்பிழையா, நிலத்தில் உள்ளதா என்று பொறி அறியாது. அவ்விடத்தை அறிந்தவரைக் கேளுங்கள்.