பழைய கணினியை அழிக்கும் முன்



பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த விலையில்லா மடிக்கணினி உங்க வீட்டிலும் இருக்கலாம். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020-லேயே நின்றது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கணினி ஓடும், ஆனா புதுசா தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அதனால்தான் பலரும் புதுக் கணினிக்கு மாறுகிறோம்.

வீடு மாறும்போது சாவியைக் கொடுக்கும் முன் பரணையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம், இல்லையா? இங்கேயும் அதேதான்.

இயங்குதளத்தைத் தூக்கிப் போக வேண்டாம். புதுக் கணினியில் அது தயாராக இருக்கும். மென்பொருள்களைப் புதிதாக நிறுவ வேண்டும். கோப்புகளை மட்டும் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ எடுங்கள். டாகுமென்ட்ஸ் மட்டும் போதாது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் பாருங்கள். இ-சேவையில் இறக்கிய வருமானச் சான்றிதழ், சிட்டா நகல் எல்லாம் பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் வர, இரண்டு கணினியிலும் ஒரே கணக்கில் உள்நுழையுங்கள்.

பலர் ஏமாறும் இடம் தமிழ் எழுத்துரு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த மனுவைப் புதுக் கணினியில் திறந்தால், புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் நகலெடுத்துப் புதியதில் நிறுவினால் படிக்க முடியும். பிறகு யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் இருந்தால் உங்க செல்போனிலும் அதே மனுவைப் படிக்கலாம்.

மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரிலும் எடுத்து வையுங்கள். துறை நேரடியாக அங்கே வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றிய நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது.

பழையதை உடனே அழிக்காதீங்க. இரண்டு வாரம் வைத்திருங்கள். முக்கியமான ஒவ்வொரு கோப்பையும் புதியதில் திறந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால், கணக்குகளிலிருந்து வெளியேறி, 'ரீசெட்' போய், எல்லாவற்றையும் நீக்கும் தெரிவைக் கொடுங்கள். ஆதார் நகலோடும் வங்கிக் கடவுச்சொல்லோடும் கணினியை விற்பது, பீரோவைச் சாவியோடு விற்பது மாதிரி.

திறந்து பார்க்காத நகலை நம்பி அசலை அழிக்காதீர்கள். இது ஒன்று மனசில் இருந்தால் போதும்.