மடுல்கலையிலிருந்து மந்திரி சபைக்கு



பல்லேகல என்றால் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம்தான். முரளியின் 800 விக்கெட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சந்தோஷம். "பெரி. சுந்தரம் யார்?" என்று வாசலில் கேட்டேன். "பாட்டுக்காரரா அங்கிள்?" என்றான் ஒரு தம்பி. சிரிக்காதீர்கள், பக்கத்தில் நின்ற அவன் அப்பாவுக்கும் தெரியவில்லை!

கண்டியிலிருந்து வத்துகாமம், பன்விலை என்று ஏறினால் மடுல்கலை. அங்கே 1890இல், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு கங்காணியின் வீட்டில் பிறந்தவர் பெரி. சுந்தரம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், வழக்கறிஞராகத் திரும்பினார். கொழும்பிலே கோட்டு மாட்டிக்கொண்டு காசு பார்த்திருக்கலாம். ஆனால் 1919இல் சேர். பொன்னம்பலம் அருணாசலத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கினார். கடன் சீட்டான துண்டு, காலையில் பேர் எடுக்கும் பெரட்டு, தோட்டக் கடன் எல்லாம் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கங்காணியின் மகன் தொழிலாளியின் பக்கம் நின்றார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. ஹட்டனிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போன சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அமைச்சர்கள் மொத்தம் ஏழு பேர். ஒருவர் இலவசக் கல்வி தந்த கன்னங்கரா, இன்னொருவர் டி. எஸ். சேனநாயக்க. அந்த வரிசையில் நம் மடுல்கலைக்காரர்! கைதட்டுங்கள், தப்பில்லை. 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1935இல் தொழிற்சங்கச் சட்டம், இரண்டும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தவை. 1936இல் ஹட்டன் தொகுதி தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் கைக்குப் போனது. அது தனிக்கதை, தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும்.

ஆனால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். 1931க்குப் பதினேழு வருஷம் கழித்து, சுந்தரத்தோடு அதே அமைச்சர் மேசையில் இருந்த சேனநாயக்கவின் அரசுதான் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமைச்சரைத் தந்த மலையகச் சனம் நாடற்ற சனமானது. சுந்தரம் பின்னாளில் செனட் சபையிலும் அமர்ந்தார், 1957இல் கண்ணை மூடினார். தோட்ட லயத்திலிருந்த சனத்துக்கு அப்போதும் வாக்கு இல்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் அமெரிக்க செனட்டரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். எழுதட்டும். திரும்பிப் போவதற்குள் ஒருநாள் வேன் பிடித்து மடுல்கலைக்குக் கூட்டிப்போங்கள். போகிற வழியில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிள்ளை இங்கிலீஷில் கேட்டாலும் நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.