தச்சர் பெயரும் நம் முன்னோர் பெயரும்



சந்தைக்கும் கோயிலுக்கும் சிரம்பான் செல்லும் நாம், அந்நகரின் மாநில அரும்பொருளகத்துக்கு ஒருநாளேனும் சென்றதுண்டா? அதன் வளாகத்தில் 19ஆம் நூற்றாண்டின் மர மாளிகையான அம்பாங் திங்கி அரண்மனை நிற்கிறது.

கோலா பிலா சாலையிலிருந்து பிரிந்து ஸ்ரீ மெனாந்தி சென்றால், 1902இல் தொடங்கி 1908இல் நிறைவுற்ற பழைய அரண்மனையைக் காணலாம். 99 தூண்கள், நான்கு அடுக்குகள்; ஆணியே அறையாமல் மரத்தோடு மரம் பொருத்திக் கட்டியது. அதனை உருவாக்கிய காகார், தாயிப் என்னும் இரு தச்சர்களின் பெயர்கள் இன்றும் அரசர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. உழைத்தவர் பெயர் நிலைப்பதே உண்மையான வரலாறு.

இம்மாநிலத்தில் காடு திருத்தி ரப்பர் நட்ட நம் முன்னோரின் பெயர்களை யார் சொல்வார்? தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்வெட்டு உளியும் வாளியும் பழைய இரும்போடு விலை போகின்றன.

ஆகவே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று இவ்விடங்களைக் காட்டுவோம். வீடு திரும்பியதும் பாட்டனாரின் உளியைத் துடைத்து, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக் கட்டி வைப்போம். நம் வரலாற்றை நாமே காப்போம்.